கட்டிலும் துண்டும்: முதியவர்களைக் கட்டிவைத்த வரலாறு

இந்த இதழுக்கு நம் பகுதி ஏரியின் வரலாற்றை எழுதித் தருவதாக ஆசிரியர் குழுவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஏரி அடுத்த இதழுக்குப் போகட்டும். சென்ற மாதம் கீழே நடைபாதையில் காலை நடைப்பயிற்சியின்போது ஒரு நண்பர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “உங்க அம்மா இருந்தப்ப ராத்திரியில எப்படி சார் சமாளிச்சீங்க? நாங்க அப்பா கையைக் கட்டிலோட கட்டித்தான் வைக்கிறோம். தப்பா?”

அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. வீட்டுக்கு வந்த பிறகு, இந்தக் கேள்வியை இதற்கு முன் யார் யார் கேட்டிருக்கிறார்கள், என்ன பதில் கிடைத்தது என்று நான் படித்து வைத்திருந்ததை எல்லாம் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவருக்கான முழுப் பதில் இது. அவரைப் போல் கேட்கத் தயங்கும் மற்றவர்களுக்கும்தான்.

எங்கள் வீட்டில்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் கட்டியவன்தான்.

அம்மாவுக்கு அப்போது வயது 84. நினைவு தடுமாறத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பகலில் அமைதியாக இருப்பார். இரவு இரண்டு மணிக்கு மேல் எழுந்து நடக்கப் பார்ப்பார். ஒரு முறை குளியலறை வாசலில் விழுந்து நெற்றியில் மூன்று தையல். இரவுக்கு வைத்திருந்த அட்டெண்டர் பெண் சொன்னார்: “சார், பாட்டி எழுந்துடுறாங்க. துண்டை வச்சு லேசா ஒரு கட்டு போட்டுடலாம். நான் வேலை பார்த்த எல்லா வீட்லயும் இப்படித்தான்.” கொடுமைக்காரர் இல்லை அவர். பகலில் இன்னொரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வருபவர். அவருக்கும் கண் மூடத்தான் செய்யும்.

ஒன்பது இரவுகள் கட்டினோம். பழைய பருத்தித் துண்டு, தளர்வான முடிச்சு. பத்தாம் நாள் காலையில் அம்மா தெளிவாக இருந்தார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: “என்னை எதுக்குடா கட்டினே? நான் எங்கயும் ஓடலியே.”

அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், “விழுந்துடுவேம்மா” என்பதுதான். இருநூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் பதில் அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

லிங்கன் நகரத்துப் பதிவேடு

சங்கிலியை அவிழ்த்த கதை என்றால் பாரிஸிலிருந்து தொடங்குவது வழக்கம். 1790களில் அங்கிருந்த பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் விலங்குகள் கழற்றப்பட்டன. மருத்துவர் பினெலின் பெயர் உலகப் புகழ் பெற்றது. உண்மையில் 1797-இல் அங்கே விலங்குகளை நீக்கியவர், மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத மேற்பார்வையாளர் புசேன். அவரும் ஒரு காலத்தில் அதே இடத்துக்கு நோயாளியாக வந்து சேர்ந்தவர்தான். இரும்பு போன பிறகும் துணியாலும் தோலாலும் கட்டும் வழக்கம் மட்டும் பல இடங்களில் தொடர்ந்தது.

நம் கேள்விக்கு நெருக்கமான கதை இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் இருக்கிறது. அங்கே இருந்தது ஒரு சிறிய மனநோய்க் காப்பகம். அந்தக் காலத்துக் காப்பகங்களில் மனநோயாளிகளோடு, முதுமையால் நினைவு தவறியவர்களும் வைக்கப்பட்டிருந்தார்கள். 1829-இல் ஒரு நோயாளியை இறுக்குச் சட்டை மாட்டி, கட்டிலோடு வாரால் பிணைத்து, இரவு தனியே விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் அவர் இறந்து கிடந்தார். அந்தக் கட்டே அவர் கழுத்தை நெரித்துவிட்டது.

இந்தச் சாவுக்குப் பிறகு காப்பகம் கட்டுவதை உடனே தடை செய்துவிடவில்லை. இரவில் ஒருவரைக் கட்டினால் ஓர் ஊழியர் அதே அறையில் விழித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டது. யாரை, எப்படி, எத்தனை மணி நேரம் கட்டினோம் என்று பதிவேட்டில் எழுதவும் வைத்தது.

விளைவைப் பாருங்கள். ஊழியர் பக்கத்திலேயே விழித்திருக்கும் போது, கட்ட வேண்டிய தேவையே பல இரவுகளில் இல்லாமல் போனது. 1830-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நோயாளிகள் கட்டுண்டு கிடந்த நேரம் மொத்தம் 27,000 மணிக்கும் மேல். 1837-இல் அது வெறும் 28 மணி நேரம். இத்தனைக்கும் அந்த ஏழு ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. 1838-இல் கட்டுவதை அங்கே முழுவதும் நிறுத்திவிட்டார்கள். மூத்த மருத்துவர் சார்ல்ஸ்வொர்த்தும், இளம் மருத்துவர் ராபர்ட் கார்டினர் ஹில்லும் இதைச் சாதித்தவர்கள். இரவுக் காவலும் போதுமான ஆட்களும்தான் ஹில் சொன்ன மருந்து. அவருக்குக் கிடைத்த பரிசு, உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு. 1840-இல் பதவி விலகினார்.

ஆனால் அவர் செய்ததை நேரில் வந்து பார்த்துப் போன ஒருவர் இருந்தார். லண்டனுக்கு அருகில் ஹான்வெல் என்ற இடத்தில் எண்ணூறு பேருக்கு மேல் இருந்த பெரிய காப்பகத்தின் மருத்துவர் ஜான் கொனாலி. “சின்ன இடத்தில் முடியும், பெரிய இடத்தில் முடியாது” என்ற வாதத்துக்கு அவர் 1839-இல் பதில் சொன்னார். ஜூன் மாதம் பொறுப்பேற்றவர், செப்டம்பருக்குள் அத்தனை கட்டுகளையும் நீக்கிவிட்டார்.

அமெரிக்காவில் கட்டு தங்கியது

அட்லாண்டிக் கடலைத் தாண்டிய பிறகு கதை மாறுகிறது. 1844-இல் அமெரிக்கக் காப்பகங்களின் தலைமை மருத்துவர்கள் 13 பேர் பிலடெல்பியாவில் கூடினார்கள். கட்டுவதை முழுவதும் கைவிடுவது நோயாளிகளின் உண்மையான நலனுக்கு உகந்தது அல்ல என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா காப்பகத்தில், மேலே மூடி போட்டுப் பூட்டிவிடும் கூண்டுக் கட்டில் ஒன்று பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அது அங்கே நீக்கப்பட்டது 1887-இல்தான்.

இருபதாம் நூற்றாண்டில் முதியவர்களைப் பராமரிக்கும் இல்லங்கள் அங்கே பெருகின. 1965-க்குப் பிறகு அரசு நிதியும் அவற்றுக்கு வந்தது. இல்லங்களோடு கட்டும் வளர்ந்தது. பெயர்கள்தான் நாகரிகமாகின: மார்புக் கச்சை, மடிப் பட்டை, கைப்பட்டை, முன்னால் பலகை பூட்டிய நாற்காலி, கட்டிலின் இரு பக்கத் தடுப்பு. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். முதியவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம், விழுந்தால் வழக்குப் போடுவார்களோ என்ற பயம் மறுபக்கம். 1980களின் பிற்பகுதியில் அந்த இல்லங்களில் இருந்த முதியவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் ஏதாவது ஒரு வகையில் கட்டப்பட்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்ட்ரம்ஃப் என்ற இரண்டு செவிலியர் பேராசிரியைகள் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: கட்டினால் பாதுகாப்பு என்பதற்கு ஆதாரம் எங்கே? தேடிப் பார்த்து 1989-இல் எழுதினார்கள். ஆதாரம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பழக்கம்தான் இருந்தது.

அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு முன்பே, 1987 டிசம்பரில், சட்டம் இயற்றியிருந்தது. தண்டனையாகவோ ஊழியரின் வசதிக்காகவோ முதியவரைக் கட்டக்கூடாது. மருந்து கொடுத்து மயங்க வைப்பதும் கட்டுவதாகவே கருதப்படும். 1990 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் கட்டுப்போடும் அளவு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது.

எண்கள் சொன்னது

நண்பரின் கேள்விக்கு நேரடி விடை இங்கேதான் இருக்கிறது.

மேரி டினெட்டி என்ற மருத்துவர் தம் குழுவோடு 12 பராமரிப்பு இல்லங்களில் 397 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். முடிவு 1992-இல் வெளியானது. கட்டப்படாதவர்களில் நூற்றுக்கு 5 பேர் விழுந்து பலத்த காயம் பட்டார்கள். கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேர். கட்டப்பட்டவர்கள் பொதுவாக அதிகம் தளர்ந்தவர்கள்தானே என்று கேட்கலாம். அதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் கட்டு அவர்களைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கட்டிலேயே கிடக்கும் உடம்பில் தசை வேகமாகக் கரைகிறது. முதுகில் படுக்கைப் புண் வருகிறது. சிறுநீரை அடக்க முடியாமல் போகிறது. சில வாரம் கட்டிலோடு கிடந்தவர் அவிழ்த்துவிட்ட அன்று எழுந்தால், முன்பைவிட எளிதாக விழுவார். அதைப் பார்த்து நாம், “பார்த்தீங்களா, அவிழ்த்தா விழுறாங்க” என்று மறுபடி கட்டுவோம்.

குழப்பமும் கூடுகிறது. மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்குத் திடீர்க் குழப்ப நிலை ஏன் வருகிறது என்று 1996-இல் வெளியான ஓர் ஆய்வு ஐந்து தூண்டுதல்களைக் கண்டது. சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த பல மருந்துகள், சிறுநீர்க் குழாய், சிகிச்சையால் நேரும் கோளாறு ஆகியவற்றோடு, உடலைக் கட்டி வைப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. எழுந்து நடக்கிறார் என்று கட்டுகிறோம். கட்டுவதால் குழம்பி இன்னும் முரண்டு பிடிக்கிறார்.

வாடகைக்கு எடுக்கும் ‘ஹாஸ்பிடல் காட்’ கட்டிலின் பக்கத் தடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கட்டு இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். 1985 முதல் 2009 தொடக்கம் வரை, பக்கத் தடுப்புள்ள கட்டில்களில் சிக்கிக்கொண்ட 803 நிகழ்வுகள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்டன. 480 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தளர்ந்த, நினைவு தடுமாறிய முதியவர்கள். தடுப்பின் மேல் ஏறிக் குதிக்க முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார் என்பது தனி.

ஜப்பான்: வீட்டுக்குள் இருந்த கூண்டு

வீட்டுக்குள் கட்டி வைப்பதைப் பற்றிய வரலாறு என்றால் ஜப்பானைத் தவிர்க்க முடியாது. அங்கே 1900-இல் வந்த ஒரு சட்டம், மனநோயாளியை வீட்டிலேயே அடைத்து வைக்கும் பொறுப்பைக் குடும்பத்துக்குக் கொடுத்தது. காவல் துறையின் அனுமதியோடு வீட்டின் ஒரு மூலையில் மரச் சட்டங்களால் கூண்டு கட்டுவார்கள். ஷூசோ குரே என்ற பேராசிரியர் 1910 முதல் தம் உதவியாளர்களை மாவட்டம் மாவட்டமாக அனுப்பி, அந்தக் கூண்டுகளை அளந்து, படம் எடுத்து, 1918-இல் அறிக்கையாக வெளியிட்டார். நோய் வந்தது ஒரு துன்பம் என்றால் இந்த நாட்டில் பிறந்தது இன்னொரு துன்பம் என்ற பொருளில் அதில் எழுதினார். குடும்பங்களை மட்டும் அவர் பழிக்கவில்லை. மருத்துவமனை கட்டித் தராத அரசையும் கேட்டார். சட்டம் மாற 1950 ஆனது.

கூண்டு போனது. முதியோர் மருத்துவமனைகளில் பட்டைகள் வந்தன. அதை எதிர்த்து 1998 அக்டோபரில் ஃபுகுவோக்கா மாநிலத்தில் பத்து மருத்துவமனைகள், இனி முதியவர்களைக் கட்டமாட்டோம் என்று கூட்டாக அறிவித்தன. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியபோது, அதன் கீழ் வரும் இல்லங்களில் கட்டுவது தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு அரசு வெளியிட்ட கையேடு, எதெல்லாம் கட்டு என்று பதினொன்றைப் பட்டியலிட்டது. கட்டிலின் நான்கு பக்கமும் தடுப்பு போடுவது, கையுறை மாட்டுவது, தானே கழற்ற முடியாத உடை, எழ முடியாத நாற்காலி, அளவுக்கு மீறிய தூக்க மருந்து, அறையைப் பூட்டுவது எல்லாம் அதில் அடக்கம்.

தவிர்க்கவே முடியாத நேரம் உண்டு என்பதையும் அந்தக் கையேடு ஒப்புக்கொள்கிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நெருங்கியிருக்க வேண்டும், வேறு வழி இல்லாதிருக்க வேண்டும், தற்காலிகமாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அனுமதி. அதற்கு முன், ஐந்து காரியங்களை ஒழுங்காகச் செய்தோமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறது: எழுப்பி உட்கார வைத்தல், உணவு, கழிப்பறை, சுத்தம், ஏதாவது ஒரு வேலை அல்லது பொழுதுபோக்கு.

நம் பக்கம்

நம் மாநிலத்துக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு, அது துயரமான இடம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மனநல நிலையங்களில் உடலைக் கட்டுப்படுத்துவதற்கும் கடும் நிபந்தனைகள் போடுகிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க அது ஒன்றே வழியாக இருக்க வேண்டும், மனநல மருத்துவர் அனுமதி தர வேண்டும், பதிவு செய்ய வேண்டும். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டக்கூடாது என்றும் சொல்கிறது.

கட்டுவதைப் பற்றிய இந்த நிபந்தனைகள் எல்லாம் நிலையங்களுக்குத்தான். அமெரிக்கச் சட்டமும் இல்லங்களோடு நின்றுவிடுகிறது. நம் வீட்டுப் படுக்கையறையில் பதிவேடும் கிடையாது, பார்வையிட வருபவரும் கிடையாது. கட்டுபவரும் நாம், கணக்கு கேட்க வேண்டியவரும் நாம்தான்.

நோட்டுப் புத்தகம்

லிங்கன் நகரத்துக் கதையைப் படித்த பிறகு, அம்மாவின் கட்டில் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்தேன். இரவில் எத்தனை மணிக்கு எழுந்தார், ஏன் எழுந்தார் என்று மட்டும் எழுதினோம். ஐந்து நாளில் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் சிறுநீருக்குத்தான். நடக்கிற ஆசையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையின் இரண்டாவது வேளையை இரவு எட்டு மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்! மருத்துவரைக் கேட்டோம், மதியத்துக்கு மாற்றச் சொன்னார்.

மற்றவை எல்லாம் சின்ன வேலைகள். கட்டில் காலை அறுத்து உயரத்தைக் குறைத்தோம். கழிப்பறை வரை சின்ன விளக்கு, சுவரில் கைப்பிடி. இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நாங்களே எழுப்பி அழைத்துப் போனோம். பகல் தூக்கத்தைக் குறைக்க, காலையில் அரை மணி நேரம் வெயிலில் உட்கார வைத்து மல்லிகை தொடுக்கக் கொடுத்தோம். அட்டெண்டர் பெண்ணுக்கு வாரம் ஒரு இரவு ஓய்வு. அன்று நானும் என் மனைவியும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம். எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். என் மனைவியின் முதுகுவலி அப்போது தொடங்கியதுதான்.

அதற்குப் பிறகு அம்மா விழவே இல்லையா என்றால், விழுந்தார். ஒரு முறை, பட்டப்பகலில், எங்கள் கண் முன்னால். இடது முழங்கை வீங்கி இரண்டு வாரம் தொட்டில் கட்டு. அந்தக் கட்டைப் பார்த்து அம்மாவே சிரித்தார். அடுத்த ஆண்டு நிமோனியாவில் காலமானார். கடைசி வாரம் வரை, கையைப் பிடித்துக்கொண்டால் கழிப்பறைக்கு நடந்து போனார். என் மனசுக்கு அது போதும். அந்த ஒன்பது இரவுகள் மட்டும் போதவில்லை.

நண்பருக்கு: தப்பா என்று கேட்டீர்கள். உங்களைக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. கட்டு விழுவதைத் தடுக்காது, உடம்பைக் கெடுக்கும் என்பது தெரிந்துவிட்டது. எனவே அவிழ்க்கும் வழியைத் தேடுங்கள். முதலில் ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். அதையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். முதியோர் உதவி எண் 14567.

சங்கத்துக்கும் இரண்டு வேண்டுகோள்கள், வரும் பொதுக்குழுவில் வைக்கிறேன். ஒன்று, தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியலை, குடும்பத்தாரின் ஒப்புதலோடு, காவலர் அறையிலும் தீயணைப்பு ஒத்திகைக் குழுவிடமும் வைக்க வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்ட கட்டடத்தில், கட்டிலில் கட்டுண்டவர் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் இருக்கக்கூடாது. ஏர்வாடி ஒரு முறை போதும். இரண்டு, மாதம் ஒரு இரவு அண்டை வீட்டு முதியவருக்குத் துணையாக விழித்திருக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். லிங்கனில் கட்டுகளை அவிழ்த்தது அப்படி விழித்திருந்த ஆட்கள்தான். முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏரியின் வரலாறு அடுத்த இதழில்.